மெல்ல எரியும் மருந்தும் ஒரு சாட்சியும்

குகதாசன் என் பின்வளவில், வேலியோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு காதுகளையும் விரல்களால் அடைத்தபடி நின்றார். கண்களும் மூடியிருந்தன. லண்டன் குட்மேய்ஸில் எல்லா வீடுகளுக்கும் இருக்கிற மாதிரி ஒடுங்கிய வளவுதான் எனக்கும். அதற்குமேல் பின்னுக்குப் போக அவருக்கு இடமில்லை.

நான் ஒரு செங்கல்லின் மேல் ஒரு சிட்டிகை துவக்கு மருந்தை, துப்பாக்கிக்குப் போடுகிற வெடிமருந்தை வைத்து, நீளமான தீக்குச்சியைக் கொளுத்தி அதில் வைத்தேன்.

வெடிக்கவில்லை. புகைகூடப் பெரிதாக வரவில்லை. சீறுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, மஞ்சள் சுவாலையாய் எழுந்து, ஆற அமர எரிந்து, அணைந்தது. செங்கல்லில் பழுப்பாய் ஒரு கறை மட்டும் மிஞ்சியது.

"கண்ணைத் திறவும். முடிஞ்சுது," என்றேன்.

குகதாசன் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். "இவ்வளவுதானோ அண்ணை? என்ர கடைக் கற்பூரம் இதைவிட நல்லா எரியுமே!"

துவக்கு மருந்தைக் கண்டாலே முகம் வெளிறிப்போகிற மனிதர் ஒருவரை நான் ஏன் இப்படி வேலியில் சாத்தி வைத்திருந்தேன்? அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் வண்டி நேராக ஓடாது என்பது இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பீரங்கிக்குப் பிறந்த மருந்து

குறிபார்த்துச் சுடுகிற கழகங்களில் இருப்பவர்கள் பலர் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிவதில்லை. பொறுக்கி வந்து, கழுவி, அளவுக்கு அமுக்கி, புது மருந்து நிரப்பி, முனையில் புதுக் குண்டு பொருத்தி மறுபடியும் சுடுவார்கள். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அது சட்டப்படியான வேலை. என் ஷெட்டில் மேசையில் பூட்டிய ஓர் இரும்பு அமுக்கியும் ஒரு தராசும் ஒரு புனலும் இருந்தன. சனிக்கிழமை மத்தியானங்கள் அங்கேதான் கழியும்.

நான் நிரப்பிய மருந்து கழகத்தில் யாருக்கும் பிடிக்காத ஒன்று. ஏதோ ஒரு நாட்டு ராணுவம் வேண்டாமென்று கழித்த பெரிய குண்டுகளைப் பிரித்து எடுத்தது. கையில் கொட்டினால், சேமியாவை நறுக்கிக் கரியில் புரட்டிய மாதிரி இருக்கும். பெரிய பீரங்கியின் நீண்ட குழாய்க்குள் பாரமான குண்டை மெல்ல மெல்லத் தள்ளுவதற்கென்று செய்த மருந்து அது. என்னுடைய சின்னத் துவக்கில் அதற்கு அவகாசம் போதாது. குண்டு துவக்கின் வாயைத் தாண்டிப் போன பிறகும் மருந்து எரிந்துகொண்டிருக்கும். வாயில் ஒரு பெரிய சுவாலை வரும். எரியாத மணிகள் நான் படுத்திருக்கும் பாயில் சிந்தும். பக்கத்தில் படுத்துச் சுடுகிறவர் கோபமாகத் திரும்பிப் பார்ப்பார்.

"ராஜ், மறுபடியும் உன் கஞ்சியைக் கொண்டுவந்துவிட்டாயா?" என்பார்கள். இராசரத்தினம் என்ற என் பெயரை வெள்ளைக்காரர்கள் அவ்வளவாகச் சுருக்கி வைத்திருந்தார்கள்.

எனக்கு அந்தக் கஞ்சி பிடித்திருந்தது. நல்ல மருந்துகள் முன்கோபக்காரர்கள். சற்றுக் கூடினாலும் பொறுக்க மாட்டார்கள். இதற்கு அந்தக் குணம் குறைவு. அதற்காக நான் நிறுக்காமல் விட்டதில்லை. நிறுப்பதில்தானே பொழுது போகிறது!

எட்டிப்பார்த்து வணக்கம் சொல்ல ஒருவர்

யாழ்ப்பாணத்தானுக்குத் துவக்குப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது ஜேர்மனியில் வந்தது.

முதலில் நாங்கள் இருந்தது தெற்கே ஒரு சிறு பட்டணம். அங்கே ஓர் ஆண் ஒன்றில் தீயணைப்புப் படையில் இருப்பான், அல்லது துவக்குக் கழகத்தில் இருப்பான். இரண்டிலும் இல்லாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் வணக்கம் சொல்ல ஆளிருக்காது. நெருப்புக்கு எனக்குப் பயம். என் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கழகத்துக்குக் கூப்பிட்டபோது போய்விட்டேன்.

என் மனைவி தவமணி தலையில் கைவைத்தாள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன், இஞ்ச சந்தா கட்டித் துவக்குப் பிடிக்கப் போறாராம்! ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வீதியில் எனக்கு வணக்கம் வந்தது. அதற்கடுத்த வாரம் தவமணிக்கும் வந்தது. பிறகு அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

மகளின் படிப்புக்காக லண்டன் வந்தோம். இங்கே எங்கு திரும்பினாலும் நம் ஆட்கள். இனித் தனிமை இல்லை என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் துவக்கு இங்கே தொல்லையாகிவிட்டது. நம்மவர்களைப் பொறுத்தவரை துவக்கு பிடித்த தமிழனுக்கு இரண்டு கதைதான் உண்டு. ஒன்றில் அவன் இயக்கத்தில் இருந்தவன், அல்லது இயக்கத்தைக் காட்டிக்கொடுத்தவன். கடதாசியில் வட்டம் கீறிச் சுடுகிறேன் என்றால் எவன் நம்புவான்?

அதனால் நீளப் பையோடு நான் வீட்டை விட்டு இறங்குவதைப் பார்த்த ஒருவர், "தூண்டில் போடப் போறியளோ?" என்று கேட்டபோது, ஓம் என்று சொல்லிவிட்டேன். அதோடு நான் மீன்பிடிகாரன் ஆனேன்.

"மீன் எங்க அண்ணை?" என்று கோயிலில் கேட்பார்கள்.

"இஞ்ச பிடிச்ச மீனைத் திருப்பித் தண்ணியிலை விட வேணும். அதுதான் சட்டம்."

"பிடிச்சுப்போட்டுத் திருப்பி விடுறதோ? உங்களுக்கென்ன விசரோ?"

விசரன், பைத்தியக்காரன் என்ற பெயர் துவக்குக்காரன் என்ற பெயரைவிட எவ்வளவோ மேல்.

தவமணியின் முக்காலி

தவமணி சனிக்கிழமைகளில் தேத்தண்ணி கொண்டு ஷெட்டுக்கு வருவாள். ஒரு முக்காலியில், வாசலுக்கு வெளியே கால் நீட்டியபடி இருப்பாள். மருந்துப் பீப்பாயைத் திறக்கும்போது நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரின் வாடை வருகிறது என்று மூக்கைப் பொத்துவாள். பிறகு ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லுவாள். எனக்கு நம் ஆட்களைப் பற்றித் தெரிந்த அனைத்தும் அவள் வாய்வழியாக வந்தவைதான். இது அவள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவள் ஒரு மாரியில் போனாள். முப்பத்தோராம் நாள்வரை வீடு நிறையச் சனம். அடுக்கடுக்காய்ச் சாப்பாட்டுச் சட்டிகள். அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, பந்தி எடுத்து, கதிரைகளைத் திருப்பிக் கொடுத்ததோடு சனமும் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஷிப்ட். மகள் கனடாவில். அவள் ஞாயிறு பின்னேரம் போன் எடுப்பாள். "அப்பா, ஆர் யூ ஈட்டிங்?" என்பாள். "ஓம்" என்பேன்.

அதற்குப் பிறகு ஷெட்டில் இருக்கும் நேரம் கூடியது. சுடத் தேவையானதைவிட அதிகமாகக் கோது கழுவினேன். முக்காலியை யாரும் தொடவில்லை. தொட யாரும் வரவில்லை என்பதுதான் சரி.

ஒரு சாட்சி வேண்டும்

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துவக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் சாட்சி நிற்க வேண்டும். ஒருவர் கழகத்தின் பொறுப்பாளர். அது பிரச்சினை இல்லை. மற்றவர் என்னை நன்றாகத் தெரிந்தவராக, சொந்தக்காரர் அல்லாதவராக இருக்க வேண்டும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் நின்றார். அவர் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மகளோடு போய் அங்கேயே காலமாகிவிட்டார்.

யாரைப் போடுவது என்று பல நாள் யோசித்தேன். கோயிலில் வணக்கம் சொல்லாதவர் இல்லை. கலியாண வீட்டுக்கு அழைக்காதவர் இல்லை. ஆனால் 'என்னைத் தெரிந்தவர்' என்று எழுத ஒரு பெயர் வரவில்லை. லண்டன் முழுக்கத் தமிழராய் இருக்கிற இந்தக் காலத்தில், இது எவ்வளவு வெட்கக்கேடு! லைசென்ஸ் போனால் கழகத்துக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை போகும். ஞாயிற்றுக்கிழமை போனால் எனக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கடைசியில் குகதாசனைக் கேட்டேன். குட்மேய்ஸ் பெரிய வீதியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். பிரான்சிலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்தவர். கிழமைக்கு நாலைந்து தரம் நான் குரல் கேட்கிற ஒரே மனிதர்.

"ஒரு உதவி வேணும். நான் உமக்குத் தெரிஞ்ச ஆள் எண்டு சொல்ல வேணும்," என்றேன், கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பின்னால் குரலைத் தாழ்த்தி.

"அதுக்கென்ன அண்ணை! பாஸ்போட்டோ?"

"இல்லை. துவக்கு லைசென்ஸ்."

குகதாசன் விழுந்து விழுந்து சிரித்தார். "மீன் சுடவோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். இருந்தாலும் நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. "ஓம் ஓம், என்ர பேரைப் போடுங்கோ," என்று வெண்டிக்காயை நிறுத்துப் போட்டார்.

தெரியாது

சில வாரம் கழித்து பொலிஸிலிருந்து லைசென்ஸ் விசாரிக்கிற பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனுஷி. துவக்குப் பெட்டியின் பூட்டைப் பார்த்தார், மருந்து வைக்கும் மரப்பெட்டியைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். பிறகு தயங்கினார்.

"நீங்கள் பெயர் கொடுத்த கடைக்காரருக்குப் போன் செய்தேன். உங்களைத் தெரியாது என்கிறார். கடைக்கு வருகிற எத்தனையோ பேரில் ஒருவராம். வேறு யாராவது இருக்கிறார்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று பின்னேரமே குகதாசன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, ஒரு பிழை நடந்துபோச்சு. அவ பொலிஸ் எண்டு சொன்னவுடன என்ர வாய் தன்ரபாட்டிலை தெரியாதெண்டு சொல்லிப்போட்டுது. பேந்து மாத்திச் சொல்லப் பயமாக் கிடந்தது."

எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. எங்கள் தலைமுறையில் யார்தான் அதைச் சொல்லாமல் வளர்ந்தோம்? ஊரில் துவக்கோடு நிற்கிறவன் சந்தியில் மறித்து, இவனைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. தெரியும் என்றால் அவனும் போவான், நாமும் போவோம். குகதாசன் ஒருமுறை தன் சொந்த மைத்துனனைத் தெரியாது என்று சொல்லித்தான் இருவரும் உயிரோடு வீடு வந்தார்களாம். அப்படிப் பழகிய வாய். அதை லண்டனுக்கு வந்த பிறகு மாற்றிப் பூட்டவா முடியும்?

"திரும்ப ஒருக்கா போன் எடுக்கச் சொல்லுங்கோ. இந்த முறை வடிவாச் சொல்லுறன்," என்றார்.

"என்ன சொல்லுவீர்? என்னைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

குகதாசன் யோசித்தார். "வெள்ளிக்கிழமை வாழைக்காய் எடுப்பியள். அக்கா போன பிறகு பச்சைமிளகாய் எடுக்கிறேல்லை." இன்னும் யோசித்தார். வேறொன்றும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மனிதர் அதிகாரியிடம் சொன்னது பொய்யே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உள்ளுக்கு வாரும். ஷெட்டைக் காட்டுறன்," என்றேன்.

செங்கல்லுக்கு வருவோம்

அப்படித்தான் குகதாசன் என் வேலியோடு ஒட்டி நின்றார். வெடிக்காத மருந்தைக் கண்ட பிறகு அவருக்குத் துணிவு வந்துவிட்டது. ஷெட்டுக்குள் வந்து அமுக்கியைத் தொட்டுப் பார்த்தார். பித்தளைக் கோது ஒன்றை ஊதிப் பார்த்தார். பிறகு, யாருடையது என்று தெரியாமல், தவமணியின் முக்காலியில் இருந்தார்.

எழும்பச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதில் ஒருவர் இருப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"கழகத்திலை என்ன கதைப்பியள் அண்ணை?"

"காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்குது எண்டு கதைப்பம்."

"வேற?"

"மழை வருமோ எண்டு கதைப்பம்."

"மற்ற நாளிலை ஆரோடை கதைக்கிறனீங்கள்?"

நான் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்தால் வாய் சற்று இளகும். ஜேர்மனியைச் சொன்னேன். மீன் கதையைச் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தவமணி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது மாதுளம்பழம் என்பதைச் சொன்னேன். அதை மகளிடம்கூட நான் சொன்னதில்லை. பிறகு, கேட்காமலே, இதையும் சொன்னேன்:

"சில நாள் காலமை எழும்பி, ஏன் எழும்பினனான் எண்டு தெரியாமல் கட்டிலிலேயே இருப்பன். ஞாயிறு வருமெல்லோ எண்டுதான் கிடக்கிறன். இதுவும் இல்லையெண்டால் நான் இருந்து என்னத்துக்கு?"

குகதாசன் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "சரி அண்ணை, நான் வடிவாச் சொல்லுறன்," என்று எழுந்து போனார்.

அன்று எனக்கு நல்ல பசி. முருங்கைக்காய்க் குழம்பு வைத்து இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

வடிவாகச் சொன்னது

அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை பூட்டைப் பார்க்கவில்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார்.

"உங்கள் நண்பர் உங்களை நன்றாகத் தெரியும் என்றார். நிறைய நேரம் பேசினார்," என்றார். "நீங்கள் நல்ல மனிதர் என்றார். உங்களைப் பற்றித் தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்."

பிறகு அவர் கேட்டவற்றுக்கு நான் பதில் சொன்னேன். நித்திரை வருகிறதா? சாப்பிடுகிறேனா? யாரும் வந்து போகிறார்களா? பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

லைசென்ஸை இப்போதைக்குப் புதுப்பிக்க முடியாது என்றார். டாக்டரைப் பார்க்க வேண்டும். பிறகு கேட்கலாம். அதுவரை துவக்கு கழகத்துக்கு வேண்டிய துவக்கு வியாபாரியிடம் இருக்கும். அது போனது. மருந்துப் பீப்பாயும் அதனோடு போனது. மேசையில் கொஞ்சம் கரிமணிகள் சிந்திக் கிடந்தன. துடைத்துவிட்டேன்.

நேரே கடைக்குப் போனேன். உள்ளே சனம். எனக்கு அதொன்றும் தெரியவில்லை.

"முதல் என்னைத் தெரியாதெண்டு சொல்லிக் கெடுத்தீர். பிறகு தெரியுமெண்டு சொல்லிக் கெடுத்தீர். நான் உமக்கு என்ன செய்தனான்?"

குகதாசன் தராசிலிருந்து கையை எடுத்தார். "அண்ணை, தெரியுமெண்டு மட்டும் சொல்லிப்போட்டு விட்டிருக்கலாம். அவ விடேல்லை. அவரைப் பற்றி உமக்கு ஏதும் கவலை இருக்கோ எண்டு கேட்டவ."

"இல்லையெண்டு சொல்லியிருக்க வேண்டியதுதானே!"

"ஏலாமல் போச்சு." அவர் தராசுத் தட்டைக் குனிந்து துடைத்தார். "பாரிஸிலை என்ர அறையிலை ஒருத்தர் இருந்தவர். அவரும் உங்களைப் போலைதான் கதைச்சவர். இருந்து என்னத்துக்கு எண்டு. நான் பகிடியெண்டு நினைச்சன். அவர் செத்த பிறகு பொலிஸ் வந்து கேக்கேக்கை, எனக்கொண்டும் தெரியாதெண்டு சொன்னன். அண்டைக்கு உண்மையிலேயே எனக்கு ஒண்டும் தெரியாது."

நான் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். அதன்பிறகு மரக்கறிக்கு பார்க்கிங் என்ற பக்கத்து ஊர்வரை போனேன். அங்கே வெண்டிக்காய் முற்றல். இருந்தும் போனேன். கோபம் எங்கள் பரம்பரைச் சொத்து.

ஞாயிற்றுக்கிழமை

துவக்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்று எழுத எனக்குத் தெரியவில்லை. முன் அறையில் கதிரையில் இருந்தேன். கழகத்திலிருந்து ஒருவர் ஒரு தடவை போன் எடுத்தார். அங்கே காற்று மேற்காலே அடிக்கிறது என்றார். பிறகு எங்கள் இருவருக்குமே பேச ஒன்றும் இருக்கவில்லை.

மணி அடிக்கும். ஜன்னல் சீலை இடுக்கால் பார்த்தால் குகதாசன் நிற்பார். ஞாயிறு அவருக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை இருக்கிற நாள். நான் திறக்க மாட்டேன். அவர் ஒரு பையைப் படியில் வைத்துவிட்டுப் போவார். அதை நான் எடுக்க மாட்டேன் என்று இருப்பேன். இருட்ட முன் எடுத்துவிடுவேன். மரக்கறி என்ன பாவம் செய்தது?

இப்படிச் சில வாரம் போனது. ஒரு ஞாயிறு நல்ல மழை. மணி அடித்தது. நான் அசையவில்லை. மறுபடியும் அடித்தது. பிறகு கதவில் கடிதம் போடுகிற தகடு கிரீச்சென்று திறந்தது. இடுக்கில் அவருடைய விரல்கள் தெரிந்தன.

"அண்ணை, கதவு திறக்க வேண்டாம். கோவமெண்டால் கோவமாவே இருங்கோ. இருக்கிறியளோ எண்டு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் போறன்."

வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. மகளுக்கு ஓம் சொன்னதைத் தவிர, கடைசியாக யாரோடு, எப்போது பேசினேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

"இருக்கிறன்," என்றேன்.

"கேக்கேல்லை அண்ணை. மழை இரையுது. பலமாச் சொல்லுங்கோ."

"இருக்கிறன்!" என்று வீடு அதிரக் கத்தினேன்.